அங்கி மேயருக்கு, கோப்பு ஆணையருக்கு: சென்னை மேயரால் என்னதான் செய்ய முடியும்?

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டியது 1940 ஆகஸ்ட் 8 அன்று. அப்போது சென்னை மேயர் தீரர் சத்தியமூர்த்தி. அந்நாளில் மேயர் பதவிக்காலம் ஒரே ஓர் ஆண்டுதான். உலகப் போர் தொடங்கிவிட்டது, நகரத்துக்குக் குடிநீர் போதவில்லை. இந்த நெருக்கடியில்தான் நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் வேலையை மாநகராட்சி கையிலெடுத்தது. ஏறக்குறைய 65 லட்சம் ரூபாய் செலவில் 1944 ஜூனில் வேலை முடிந்தது. அதைப் பார்க்கச் சத்தியமூர்த்தி இல்லை. 1943 மார்ச்சிலேயே இறந்துவிட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பின்னாளில் உயரம் கூட்டப்பட்டு இன்று 3,231 மில்லியன் கன அடி கொள்கிறது. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் முதலில் வந்து விழுவது அங்கேதான்.

இன்றைய மேயருக்கு ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் அணை கட்டுவது கிடக்கட்டும், ஒரு தெருவில் குடிநீர் கலங்கி வந்தால் அதற்குப் பொறுப்பான பொறியாளருக்கு உத்தரவு போடக்கூட அவரால் முடியாது. அந்தப் பொறியாளர் மாநகராட்சியில் சம்பளம் வாங்குபவர் அல்ல, குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவர். வார்டு மக்கள் மேயரை மறித்து நின்று கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் நிலைமை. ஒரு மேயர் நன்றாக வேலை செய்கிறாரா என்று எடைபோடுமுன், அவர் கையில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

பங்கு பிரிந்த விதம்

1687-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் கொடுத்த சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். பிரிட்டனுக்கு வெளியே காமன்வெல்த்தில் இதுவே மூத்த மாநகராட்சி. மேடையில் பெருமை பேச இந்தத் தகவல் உதவும், மேயரின் அதிகாரத்தைப் புரிந்துகொள்ள உதவாது. அதற்கு 1973-க்கு வரவேண்டும்.

அந்த ஆண்டு மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. மஸ்டர் ரோல் என்பது தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு. வேலைக்கே வராத பெயர்களுக்கு வருகை போட்டுக் கூலி எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கவுன்சிலர்கள் அடங்கிய மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-ல். இடைப்பட்ட 23 ஆண்டுகள் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள்.

பொறுப்புகளில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது இந்தக் காலத்தில்தான். குடிசைப் பகுதிகளுக்கான வாரியம் சற்று முன்பே, 1970-ல் வந்துவிட்டது. நிலப் பயன்பாடும் பெரிய கட்டட அனுமதியும் எழுபதுகளின் நடுவில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குப் போயின. 1978-ல் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தனி வாரியமாயின. பேருந்து ஒருபோதும் மாநகராட்சியிடம் இருந்ததில்லை. மன்றம் இருந்திருந்தால் இதையெல்லாம் தடுத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது பாகப்பிரிவினை நடந்த மாதிரி, மறுத்துப் பேச ஆளில்லாமல் அது நடந்தது.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு உயிர் கொடுத்தது என்பார்கள். தேர்தலைப் பொறுத்தவரை அது உண்மை. அதிகாரத்தைப் பொறுத்தவரை பாதி உண்மை. 12-வது அட்டவணையில் நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, சுகாதாரம் என்று 18 இனங்கள் இருக்கின்றன. அவற்றை உள்ளாட்சிக்குக் கொடுப்பது பற்றிய 243-டபிள்யூ பிரிவு, மாநிலச் சட்டமன்றம் ‘வழங்கலாம்’ என்கிறது, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லுக்குள்தான் முப்பது ஆண்டு உள்ளாட்சி அரசியல் அடங்கிக் கிடக்கிறது. கட்டாயம் என்று எழுதியிருந்தவற்றையே கடைப்பிடிப்பது இழுபறிதான். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது கட்டாய விதி. இருந்தும் 2016 அக்டோபரில் காலாவதியான சென்னை மாமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் வந்தது. நடுவில், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் ஆட்சி. முன்மொழிந்த கையே ஒப்புதலும் கொடுத்த காலம் அது.

இதற்கிடையே நகரம் பெருத்துவிட்டது. 2011-ல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தபோது சென்னையின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200, மண்டலங்கள் 10-லிருந்து 15. சேர்ந்த ஊர்களில் பல இடங்களில் பாதாளச் சாக்கடையே கிடையாது. அந்தப் பகுதிக் கவுன்சிலர்கள் மன்றத்தில் கேட்பதும், தேனாம்பேட்டைக் கவுன்சிலர் கேட்பதும் ஒரே நகரத்தைப் பற்றியவை போலவே இருக்காது.

செங்கோல் யாரிடம், பேனா யாரிடம்

மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மன்றம் கூடும் நாளில், அங்கியும் கழுத்தில் பதக்கச் சங்கிலியுமாக மேயர் வருவார். முன்னால் தபேதார் என்ற சீருடைச் சேவகர். ‘வணக்கத்துக்குரிய மேயர்’ என்று விளிப்பது மரபு. லண்டன் மரபிலிருந்து மொழிபெயர்ந்து வந்து தங்கிவிட்ட சொல் அது. கேள்வி நேரம், நேரமில்லா நேரம், பிறகு தீர்மானங்கள். எல்லாம் சட்டமன்றத்தின் சிறிய அச்சு.

ஆனால் சட்டமன்றத்தில் முதலமைச்சர் உத்தரவிட்டால் துறைச் செயலர் செய்தாக வேண்டும். இங்கே நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, ஊழியர்களை நடத்துவது, பணம் வழங்குவது எல்லாமே ஆணையர் வழியில்தான் நடக்கின்றன. மேயரிடம் இருப்பவை வேறு: கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, எந்தப் பொருள் மன்றத்துக்கு வருகிறது என்பதில் கருத்துச் சொல்லும் உரிமை, மாநகராட்சியின் ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை. கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலான மேயர்கள் பயன்படுத்துவதில்லை. அதுதான் கூர்மையான ஆயுதம் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கும் தலைதூக்கும். தமிழ்நாடு இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. 1996, 2001-ல் நேரடித் தேர்தல். 2006-ல் கவுன்சிலர்கள் வழி. 2011-ல் மறுபடி நேரடி. பிறகு சட்டம் இங்கும் அங்குமாகத் திரும்பி, 2019 நவம்பர் அவசரச் சட்டத்தோடு மறைமுகத் தேர்தலில் வந்து நின்றது.

இதில் 1996-க்கும் 2001-க்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. இரண்டு முறையும் மேயரானவர் மு.க. ஸ்டாலின். முதல் முறை மேம்பாலங்கள் எழுந்தன, குப்பை அள்ளும் வேலையில் தனியார் நுழைந்தார்கள், ‘சிங்காரச் சென்னை’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டாம் முறை கோட்டையில் வேறு ஆட்சி. அதே நபர், அதே நாற்காலி, அதே நேரடித் தேர்தல்; ஆனாலும் கை ஓடவில்லை. 2002-ல் ஒருவர் இரண்டு மக்கள் பதவிகளில் இருக்கக்கூடாது என்ற சட்டம் வந்தது, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் மேயர் பதவியை விட்டார். முதல் முறை கிடைத்த பலம் ரிப்பன் மாளிகையிலிருந்து வரவில்லை, ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது.

மறைமுகத் தேர்தலில் மேயரின் தலை கவுன்சிலர்களின் கையில். 2024-ல் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஜூலை முதல் வாரத்தில் கோவை, நெல்லை மேயர்கள் பதவி விலகினார்கள். அதே மாதக் கடைசியில் காஞ்சிபுரம் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வாக்கெடுப்பு நாளில் கவுன்சிலர்கள் வராததால் தோற்றது. எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சி கவுன்சிலரைச் சமாளிப்பதில்தான் மேயர்களின் நேரம் போகிறது. 200 பேர் கொண்ட மன்றத்தில் ஒவ்வொருவரும் கேட்பது தன் வார்டுக்கு அந்த ஆண்டு என்ன கிடைக்கும் என்பதை.

ஒரு தெரு, ஒரு வடிகால்

சட்டத்தை இதோடு விட்டுவிட்டு ஒரு வேலையைப் பின்தொடர்வோம். 200 மீட்டர் நீளத் தெரு. இரு பக்க வீடுகளையும் சேர்த்தால் 50 மீட்டர் அகலத்துக்கு மழை அந்தத் தெருவில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர், அதாவது நொடிக்கு 139 லிட்டர். மண் தரை இருந்தால் கொஞ்சம் உறிஞ்சும். சென்னையில் இப்போது திண்ணை வரை சிமெண்ட் என்பதால் ஏறக்குறைய எல்லாமே ஓடிவரும்.

60 செ.மீ. அகலமுள்ள வடிகாலில் 60 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் 180 லிட்டர் போகும். தாளில் வடிகால் போதும். ஆனால் பாதி உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தால் 90 லிட்டர்தான். மீதி 49 லிட்டர் ஒவ்வொரு நொடியும் தெருவில் ஏறும். முதல் அரை மணி நேரத்திலேயே 88,000 லிட்டர். ‘போன வருஷம்தானே கட்டினாங்க, அப்புறமும் ஏன் நிக்குது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்குதான் பதில். கட்டுவதற்குப் பணம் வருகிறது, அடிக்கல் நாட்டு விழா வருகிறது. தூர்வாருவதற்கு விழா கிடையாது.

அந்த வடிகால் எப்படி வருகிறது? கவுன்சிலர் மண்டலக் குழுவில் கோரிக்கை வைக்கிறார். உதவிப் பொறியாளர் போய் மட்டம் எடுக்கிறார்: தெருவின் எந்த முனை தாழ்வு, வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போய் விழ வேண்டும். விலை விகிதப் பட்டியலின்படி மதிப்பீடு தயாராகிறது. தொகையைப் பொறுத்து மண்டலம், ஆணையர், நிலைக்குழு, மன்றம் என்று நிர்வாக ஒப்புதலுக்கு ஏறுகிறது. பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், அடுத்து டெண்டர். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. விலையைக் குறைக்கப் பேசுவதென்றாலும் அவரிடம் மட்டும்தான் பேசலாம்.

மண்ணைத் தோண்டியதும் சிக்கல் தொடங்கும். அடியில் என்ன கிடக்கிறது என்பதற்கு நம்பத்தக்க வரைபடம் எந்த அலுவலகத்திலும் முழுசாக இல்லை. ஐந்தடி ஆழத்தில் மின் கேபிள் குறுக்கே வரும், குடிநீர்க் குழாய் வரும், தொலைபேசிக் கம்பிக்கட்டு வரும். டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் நின்றால், மாற்றி வைக்கும் செலவை மாநகராட்சி கட்டி, மின்வாரியம் ஆள் அனுப்பும் வரை அந்தப் பத்து மீட்டரை விட்டுவிட்டு ஒப்பந்ததாரர் அடுத்த பக்கம் நகர்வார். அவருக்கு அளவுப் புத்தகத்தில் ஏறிய மீட்டருக்குத்தான் பணம். இந்தப் பத்து மீட்டருக்காக அவர் காத்துக்கொண்டிருக்க மாட்டார். 190 மீட்டர் முடிந்தது, 95 சதவீதம் பணி நிறைவு என்று அறிக்கை போகும். தண்ணீரைப் பொறுத்தவரை அந்த வடிகால் பூஜ்யம் சதவீதம்.

இதைவிட மோசமானது வடிகாலின் வாய். தெருவின் வடிகால் பெரிய வடிகாலிலும், அது கால்வாயிலும், கால்வாய் அடையாற்றிலோ கூவத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ போய்ச் சேரவேண்டும். ஆற்றில் வெள்ள மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே திரும்பும். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் முகத்துவாரமும் வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புதிதாகக் கட்டிய வடிகால்கள் இருந்த தெருக்களும் மூழ்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நேரத்தில் உதவுவது மோட்டார் பம்பும், முன்கூட்டியே தூர்வாரிய முகத்துவாரமும்தான். முகத்துவாரம் நீர்வளத் துறையின் பொறுப்பு.

இன்னொன்றும் நடக்கும். பாதாளச் சாக்கடை இல்லாத அல்லது அடைத்துக்கொண்ட தெருவில், வீட்டுக்காரர் இரவோடு இரவாகக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் செருகிவிடுவார். வடிகால் ஆண்டு முழுக்கச் சாக்கடையாக ஓடும், அடியில் சகதி இறுகும். இணைப்பைத் துண்டிக்க மாநகராட்சி போனால், ‘அப்ப சாக்கடை கனெக்‌ஷன் குடுங்க’ என்பார் அவர். அது வாரியத்தின் வேலை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆக, ஒரே தெருமுனையில் பெய்யும் மழைக்கு எத்தனை அலுவலகம் பாருங்கள். உட்புறச் சாலை மாநகராட்சியின் மண்டலப் பொறியாளரிடம். பேருந்து செல்லும் சாலை, சுமார் 387 கி.மீ., மாநகராட்சியிலேயே தனிப் பிரிவிடம். சில முக்கியச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். சாக்கடை வாரியத்திடம், ஆறு நீர்வளத் துறையிடம், கம்பம் மின்வாரியத்திடம். இதில் எந்தப் படியிலும் மேயரின் கையெழுத்து தேவையில்லை.

அப்படியானால் தலைமை எங்கே?

இந்த அலுவலகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான். மேற்சொன்ன பத்து மீட்டரை யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. அது எவருடைய பட்டியலிலும் இல்லாததால் விட்டுப்போகிறது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கும் நிலையில் இருப்பவர் மேயர். மண்டலவாரியாக விட்டுப்போன இணைப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் துறையால் நிற்கிறது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரே தாளில் எழுதச் சொல்லி, அதை மன்றக் குறிப்பில் ஏற்றிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். மின்வாரியப் பொறியாளருக்கு மேயர் உத்தரவிட முடியாதுதான். ஆனால் கூட்டாய்வுக்கு அழைத்தால் வராமல் இருப்பது அவருக்குக் கஷ்டம். சட்டம் தராத பலத்தில் ஓரளவை நாற்காலி தரும், தொடர்ந்து உட்கார்ந்தால்.

இதற்கு நேரம் அதிகமில்லை என்பதுதான் பிரச்சினை. ஐந்தாண்டு என்றால் 60 மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தோண்டும் வேலை நிற்கும். 15 மாதம் போயிற்று. மக்களவைத் தேர்தல் வந்தால் நடத்தை விதிகளால் புதிய டெண்டர் முடங்கும். 2024-ல் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை அப்படிப் போனது. சட்டமன்றத் தேர்தலும் அதே ஐந்தாண்டுக்குள் வரும். மிஞ்சுவது 40 மாதத்துக்குப் பக்கம். அதிலும் மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் என்று ஜனவரியில் தொடங்கினால் மண்வெட்டி விழுவது ஏப்ரல், மேயில். ஜனவரியில் டெண்டர் கையில் இருக்க வேண்டும் என்றால் மழை பெய்துகொண்டிருக்கும் நவம்பரிலேயே மதிப்பீடு தயாராக வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே மட்டம் குறித்துக்கொள்வதைவிடத் துல்லியமான அளவை வேறு கிடையாது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்கள் பலர். கூடவே உதவிப் பொறியாளரை நிறுத்திச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போடச் சொன்னால் அந்தப் படத்துக்கு ஒரு பயன் உண்டு.

2023 மே மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மேயர்’ முகாம்களும் இந்த வகைதான். மண்டலந்தோறும் மேயர் போய் மனு வாங்குகிறார். பிறப்புச் சான்றிதழ், வரிப் பெயர் மாற்றம் போன்றவை அங்கேயே முடிந்துவிடும், கைதட்டல் கிடைக்கும். முகாமின் உண்மையான மதிப்பு முடியாமல் போன மனுக்களில் இருக்கிறது. மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்கு வரும் புகார்களோடு சேர்த்து அவற்றை வார்டுவாரியாகப் பிரித்தால், எந்தத் தெருவில் ஒரே புகார் நாலாவது முறை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பணம்

மாநகராட்சியின் ஆண்டு வரவுசெலவு 5,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025-26 பட்ஜெட்டில் மேயரின் சொந்த மேம்பாட்டு நிதி 4 கோடி, ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு நிதி 60 லட்சம். மேயர் தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடியது மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொசஸ்தலை வடிநில வடிகால் திட்டம் மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி. பெரிய பணம் எப்போதும் மேலிருந்து நிபந்தனையோடு வரும்.

வரியும் அப்படித்தான். 28 வயதில் ஆர். பிரியா 2022 மார்ச் 4-ல் மேயரானார். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. பின்னாளில் சேர்ந்த பகுதிகளுக்குக் குறைவு. உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைச் சீர்திருத்த வேண்டும் என்பது 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை. வீடுகளுக்கான வரி 1998-க்குப் பிறகு நிலையாக உயராமல் கிடந்ததும் உண்மை. 2018-ல் உயர்த்தி, அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். முடிவு டெல்லிக்கும் கோட்டைக்கும் இடையில் நடந்தது, தீர்மானம் மட்டும் மாமன்றத்தில் நிறைவேறியது. திட்டு வாங்கியது கவுன்சிலர். (அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரல், அக்டோபர் மாதங்களைத் தவறவிடாதீர்கள்.)

வரியில் மேயர் கவனிக்க வேண்டியது விகிதத்தை அல்ல, பதிவேட்டை. மதுரை மாநகராட்சியில் 2025-ல் வெடித்த விவகாரம் நல்ல பாடம். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களின் வரியைக் கணினியில் குறைத்துவிட்டார்கள் என்பது புகார். மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். 1973-ல் வராத ஆள் பதிவேட்டில் இருந்தார். இப்போது இருக்கிற கட்டடம் பதிவேட்டில் சுருங்கிவிட்டது.

கவுன்சிலர்களுக்கு 2023 வரை நிரந்தர மதிப்பூதியமே கிடையாது. இப்போது மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000. ஒரு கொத்தனாரின் மாத வருமானத்தில் பாதிகூட இல்லாத தொகைக்கு, 30,000 பேருக்கு மேல் வசிக்கும் வார்டை முழுநேரமாகக் கவனிக்கச் சொல்கிறோம். வீடு கட்டுபவரிடமும் போர்வெல் போடுபவரிடமும் ‘கவனிக்க’ச் சொல்லும் பழக்கத்துக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் பழக்கம் ஏன் ஒழியவில்லை என்பதற்கு இது காரணங்களில் ஒன்று.

முழுசாகக் கையில் இருப்பவை

பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், பூங்காக்கள், தெருவிளக்கு, குப்பை: இவற்றில்தான் மாநகராட்சி இன்னும் முதலாளி. குப்பையிலும் ஒப்பந்தம் புகுந்துவிட்டது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். சம்பளம் குறையும், பணிப் பாதுகாப்பு போகும் என்பது அவர்கள் அச்சம். அந்த முடிவின் மாநகராட்சி முகமாக நின்றவர் மேயர்.

பள்ளி வேறு கதை. 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. யாரும் மேலிருந்து சொல்லவில்லை. பிள்ளைகள் வரத்து கூடியது, வேறு பள்ளிகளுக்கும் விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக்கூடாது என்று அரசு மறுத்ததில் 1925-ல் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. 400-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இன்றும் மாநகராட்சியிடம் இருக்கின்றன. கழிவறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதில் தொடங்கி, எந்தத் துறைக்கும் கடிதம் எழுதாமல் ஒரு மேயர் மாற்றக்கூடியவை அங்கே ஏராளம். மாநகராட்சி மன்றத்தில் பள்ளி பற்றிய விவாதம் மட்டும் ஏனோ சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. கிராமசபையின் நகரத்துத் தம்பி. பெரும்பாலும் கூட்டம் குறைவு, வருபவர்களும் ‘எங்க தெருவுக்கு வடிகால் எப்ப வரும்?’ என்று கேட்டுவிட்டு, ‘ஆவன செய்கிறோம்’ என்ற பதிலோடு போய்விடுகிறார்கள். அடுத்த முறை மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பாருங்கள்: இந்த வடிகாலின் வாய் எங்கே திறக்கிறது, அங்கே ஆற்றின் வெள்ள மட்டம் என்ன, நடுவில் எத்தனை மீட்டர் விட்டுப்போயிருக்கிறது. உதவிப் பொறியாளர் வரைபடத்தை விரித்தே ஆகவேண்டும். அந்தத் தாளின் ஒரு நகல் மேயருக்கும் போகட்டும்.